கோபால்ட் இல்லாத படம்

பத்து ஆண்டுகளாக அணுக்களைப் படம் பிடித்துத்தான் சம்பாதிக்கிறேன். அடையாறில் ஓர் ஆய்வுக்கூடம். அதன் தரைத்தளத்தில் எப்போதும் குளிரூட்டிய ஓர் அறை. அதற்குள் மனிதனைவிட உயரமான ஓர் எலக்ட்ரான் நுண்ணோக்கி. அதை இயக்குபவள் நான். எந்தக் கல்லூரியிலிருந்து வேண்டுமானாலும் முன்பதிவு செய்துகொண்டு வரலாம்; பொடியைக் கொடுத்தால் படம் எடுத்துத் தருவேன். கல்யாண மண்டபத்துப் புகைப்படக்காரருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவரிடமும் யாரும் உள்ளதை உள்ளபடி எடுக்கச் சொல்வதில்லை.

கொஞ்ச காலமாக வருகிறவர்களில் பாதிப் பேர் ஒற்றை அணு வினையூக்கி செய்கிறவர்கள். உலோகத்தைக் கட்டியாக வைத்தால் வெளிப்பக்கத்து அணுக்கள் மட்டும்தான் வேலை செய்யும். உள்ளே இருப்பவை சும்மா உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வோர் அணுவையும் தனியாகப் பிரித்து, மெல்லிய கரித்தாளின் மேல் ஊன்றிவைப்பது என்று ஒரு யோசனை. அந்தப் பொடியையும் அதோடு ஓர் உப்பையும் அழுக்குத் தண்ணீரில் போட்டால், அதில் கலந்திருக்கும் மருந்துக் கழிவு, சாயம், பூச்சிக்கொல்லி எல்லாம் உடைந்துபோகும். நல்ல யோசனை. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வருகிறவர்களின் மேல்தான்.

என் படத்தில் ஓர் உலோக அணு கறுப்புத் துணியில் விழுந்த ரவை மாதிரி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பொடி செய்யும்போது உலையில் சூடு கொஞ்சம் கூடினாலும் அணுக்கள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது புள்ளிகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் தெரியும். கட்டி கண்ணில் பட்டதும் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும்.

“மேடம், கொஞ்சம் லெஃப்ட்ல போங்களேன்.”

இடப்பக்கம் போவேன். அங்கேயும் கட்டி இருந்தால், “கொஞ்சம் மேல”. கட்டியில்லாத ஒரு மூலை எங்கேயாவது இருக்கத்தான் செய்யும். கண்டுபிடித்துக் கொடுத்தால், “சூப்பர் மேடம்!” அந்த ஒரு படம் கட்டுரையில் ஏறும். மீதி முப்பது படங்களும் என் கணினியில் கிடக்கும். ஒரு மூலையைக் காட்டிவிட்டு, பொடி முழுவதும் அப்படித்தான் என்று எழுதுவதற்கு இவர்கள் யாருக்கும் கை கூசியதில்லை. எனக்கும் கூசியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சொன்ன பக்கமெல்லாம் நகர்த்தியது என் கைதானே.

அண்ணனுக்குத் தி. நகரில் பாத்திரக்கடை. ஒருநாள் இதை அவனிடம் சொன்னேன்.

“ஷோகேஸ்ல நசுங்கின குடத்தையா வைப்பாங்க?” என்று கேட்டான்.

அது சரிதான். ஆனால் அவன் கடையில் நசுங்கின குடத்தைக் கேட்டால் எடுத்துக் காட்டுவான், விலையும் குறைத்துக் கொடுப்பான். எங்கள் ஆட்கள் அப்படி ஒரு குடமே செய்யவில்லை என்று சத்தியம் செய்வார்கள்.

அந்த வரிசையில் வந்தவர்தான் பேராசிரியர். வேறொரு கல்லூரிக்காரர். இஸ்திரி மடிப்பு கலையாத கைத்தறிச் சட்டை, மேடையில் பேசுவது போலவே தனியாகவும் பேசும் குரல். ஆய்வுக்கூடத்துக்குள் காலை வைத்ததும் ஆற்றைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். “இந்த அடையாறு ஆத்தைத் திருப்பிக் கொடுக்கணும் மேடம், நம்ம பசங்களுக்கு.” யார் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்க வாய் வரும். ஆறு அங்கேயேதான் நாறிக்கொண்டிருந்தது. இவர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தினமும் பாலத்தைக் கடந்துதான் வந்தார்.

பொடியைச் செய்தது அவர் இல்லை, அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண். வடபழனிக்காரி. அப்பா சினிமாவில் லைட்மேனாக இருந்தவர். கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் முடிந்து, மகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு மறுபடி படிக்க வந்தவள். முப்பத்து நான்கு வயது. மற்ற மாணவர்கள் என்னிடம் தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசிக்கொண்டிருக்கும்போது, இவள் முதல் நாளே, “அக்கா, சாப்ட்டியா?” என்று கேட்டவள்.

அவள் கோபால்ட் அணுக்களைக் கரித்தாளில் ஊன்றியிருந்தாள். முதல் படம் திரையில் வந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. புள்ளி புள்ளியாக, ஒன்றை ஒன்று தொடாமல், திரை முழுக்கக் கோபால்ட். கட்டி ஒன்றுகூட இல்லை. இடப்பக்கம் போனேன், வலப்பக்கம் போனேன், பொடி தூவிய வட்டின் மறுகோடிக்கே போனேன். எங்கே போனாலும் அப்படியேதான் இருந்தது. சொல்லாமலே இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

“இன்னாக்கா, சும்மாவே கீற? நல்லா வந்துகீதா இல்லியா?”

“இது மாதிரி நான் பார்த்ததில்லை” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

உலைச்சூட்டைப் பத்துப் பத்து டிகிரியாக மாற்றி ஓர் ஆண்டு முழுக்க அதே வேலையைச் செய்திருக்கிறாள். அன்றைக்கு நாற்பது படங்கள் எடுத்தோம். பேராசிரியர் மறுநாள் ஒரு பெட்டி நெய் மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். எனக்குத்தான். அவளுக்கு இல்லை.

வேலை நிஜமாகவே நன்றாக இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கட்டுரையை அனுப்பிய பத்திரிகை ஒரு கேள்வி கேட்டது. இந்தப் பொடியைத் தண்ணீரில் ஒருமுறை பயன்படுத்திய பிறகும் அணுக்கள் அப்படியே நிற்கின்றனவா? படம் காட்டுங்கள். நியாயமான கேள்வி. பயன்படுத்திய பொடியைக் காயவைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கொண்டுவந்தாள்.

திரையில் கரித்தாள் மட்டும்தான் இருந்தது. புள்ளிகளைக் காணோம். ஒரு மூலையில் மூன்று நான்கு தெரிந்தன, அவ்வளவுதான்.

“எங்கக்கா போச்சு எல்லாம்?” என்று திரைக்கு அருகில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடத்தில் அதிர்வு குறைவாக இருக்கும் என்பதால் அடுத்த ஞாயிறும் வரச்சொன்னேன். வேறு வட்டு, புதிதாகப் பயன்படுத்திய பொடி. அதிலும் இல்லை. அவள் என்னைவிடப் புத்திசாலி. திரும்பிப் போய் ஒரு சின்னச் சோதனை செய்தாள். பொடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, பிறகு சுத்தமாக வடிகட்டி எடுத்துவிட்டு, பொடியே இல்லாத அந்தத் தண்ணீரில் வலிமாத்திரை மருந்தையும் உப்பையும் போட்டாள். மருந்து உடைந்தது. பொடி இருந்தபோது எவ்வளவு வேகமாக உடைந்ததோ அநேகமாக அதே வேகம்.

போனில் சொன்னாள். “அக்கா, கோபால்ட் கயண்டுக்கினு தண்ணில போய்ச்சு. தண்ணில கீற கோபால்ட்டுதான் வேலய பண்ணிக்கினு கீது. பொடி சும்மா வேடிக்க பாத்துக்கினு கீது.”

அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்வதாகச் சொல்லித் தண்ணீரில் கோபால்டைக் கலந்துகொண்டிருந்தோம். மருந்துக் கழிவை எடுத்துவிட்டு உலோகத்தைக் குடிக்கக் கொடுக்கிற கண்டுபிடிப்பு. இன்னொரு வேலையும் செய்திருந்தாள். ஆற்றுக்கே போய், பாலத்துக்குக் கீழே இறங்கி இரண்டு கேன் தண்ணீர் எடுத்துவந்து அதில் பொடியைப் போட்டுப் பார்த்திருந்தாள். அரைமணி நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தண்ணீரில் இருந்த மற்ற அழுக்கெல்லாம் பொடியின் மேல் அப்பிக்கொண்டுவிட்டது.

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வியை அவள் எனக்கு அவர் குரலிலேயே பேசிக் காட்டினாள். “உன்னை யாரும்மா ஆத்துத் தண்ணி எடுக்கச் சொன்னது?”

ஆற்றைத் திருப்பிக் கொடுக்க வந்தவருக்கு ஆற்றுத் தண்ணீர் ஆகவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரில் சுத்தமான மருந்தை அளந்து போட்டு, அதை மறுபடி வெளியே எடுத்துக் காட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த மாசுநீக்கம்.

என்னையும் போனில் கூப்பிட்டார். “மேடம், இன்னொரு தடவை தேடிப் பாருங்க. எங்கேயாவது ஒரு ஏரியால இருக்கும். உங்க அனுபவத்துக்கு இது பெரிய விஷயமா?”

“இரண்டு ஞாயிறு தேடிட்டேன் சார். இல்லை.”

“இல்லைன்னு சொல்லாதீங்க மேடம். கிடைக்கலைன்னு சொல்லுங்க.”

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேலையைச் சரிசெய்வார் என்று நினைத்தேன். இத்தனை வருடம் இந்த ஆட்களோடு பழகியும் அப்படி நினைத்தேன் என்றால் என்னை என்ன சொல்வது.

சில மாதங்கள் கழித்துத் தி. நகரில் ஒரு ஹோட்டல் அரங்கில் விழா. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்கிற ஒரு கம்பெனி பேராசிரியரோடு ஒப்பந்தம் போடுகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் அழைப்பு வந்தது. தலைவருக்கு வேறு வேலை இருந்ததால் என்னைப் போகச் சொன்னார். நல்ல பட்டுப்புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

மேடையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய நீலத் தண்ணீர். பேராசிரியர் கறுப்புப் பொடியைப் போட்டார், சொட்டு மருந்து மாதிரி ஏதோ விட்டார், கண்ணாடிக் குச்சியால் கலக்கினார். நீலம் மெல்ல வெளுத்தது. அரங்கமே கைதட்டியது. கம்பெனி முதலாளி எழுந்து நின்று தட்டினார். அடுப்புக்கரியை இடித்துப் போட்டாலும் அந்த நீலம் போய்விடும். கரிக்குச் சாயத்தை உறிஞ்சுகிற குணம் உண்டு. வேதியியல் படித்த நாற்பது பேராவது அந்த அரங்கில் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். இந்த ஊரில் எந்த வீட்டுக் குழாயில் நீலத் தண்ணீர் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்.

பிறகு திரையில் படங்கள் ஓடின. “பயன்படுத்துவதற்கு முன்” என்று ஒரு படம். அது நாங்கள் எடுத்ததுதான், அழகான படம். அடுத்து, “ஐந்து முறை பயன்படுத்திய பின்”. அதிலும் புள்ளி புள்ளியாகக் கோபால்ட்.

கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

அந்தப் படத்தையும் எடுத்தது நான்தான். முதல் நாள் எடுத்த நாற்பதில் ஒன்று. எப்படித் தெரிந்தது என்றால், என் கருவி ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வரையும். அன்று அது மூன்றில் ஒரு பங்கை வரைந்திருந்தபோது தெருவில் மெட்ரோ வேலைக்கு வந்த லாரி இரும்புக் கம்பிகளைத் தடாலென்று இறக்கியது. கட்டடம் லேசாக அதிர்ந்தது. படத்தில் அந்த இடத்தில் நாலைந்து வரிகள் விலகி, துணியில் இழை இழுத்தது போல ஒரு தழும்பு விழுந்தது. தூக்கிப்போடலாம் என்றேன், அவள்தான் இருக்கட்டும் என்றாள். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருந்த அந்தத் தழும்பு இப்போது கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருந்தது. பேராசிரியர் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருந்தார். ஆற்றைச் சுத்தம் செய்ய அவர் எடுத்துக்கொண்ட முயற்சி அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்குக் கலைந்தபோது அவரைப் பிடித்தேன். கையில் தட்டும் தட்டில் போண்டாவுமாக நின்றிருந்தார்.

“சார், இரண்டாவது படம் எப்போ எடுத்தது?”

“உங்ககிட்ட எடுத்ததுதானே மேடம்.”

“அது பயன்படுத்தாத பொடி. தலைகீழா இருக்கு.”

போண்டாவைத் தட்டில் வைத்தார். ஒரு கணம் தவிர முகம் மாறவே இல்லை. “அப்படியா? ஃபிகர்ஸ் எல்லாம் அந்தப் பொண்ணுதான் ரெடி பண்ணுவா. வீடு, குழந்தைன்னு கவனம் அங்க இங்க போயிடுது. நான் கேக்கறேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க. பாயசம் நல்லா இருக்கு, சாப்பிட்டீங்களா?”

அதுவரை எனக்கு இருந்தது ஏளனம் மட்டும்தான். பத்து வருடமாகப் பழகிய ஏளனம், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வசதியானது. அவர் அவள் மேல் கையைக் காட்டியபோதுதான் கோபம் வந்தது. பாயசம் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அதை ஒரு வீரமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அவளுக்குப் போன் செய்தேன். அவள் விழாவுக்கே அழைக்கப்படவில்லை. கட்டுரை வெளியாகிவிட்டது என்பதும், அதில் தன் பெயர் இரண்டாவதாக இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். பத்திரிகைக்காக அவர் பின்னால் சேர்த்த அந்தத் தலைகீழ்ப் படத்தை அவளுக்குக் காட்டவே இல்லை.

“நாந்தான் பண்ணன்னு சொன்னாரா?” என்று கேட்டாள்.

“ஆமாம்.”

“அக்கா, பெரிய பெரிய ஆளுங்களாண்ட வேல பாத்தாரு எங்கப்பா. லைட்டு அணைஞ்சா மொதல்ல லைட்மேனத்தான் திட்டுவாங்க. நான் அதுக்கா இவ்ளோ படிச்சேன்?” என்றாள். “எனக்கு ஒரிஜினல் வேணும். தர்றியா?”

படக்கோப்புகள் விதிப்படி பேராசிரியரின் கணக்கில் இருந்தன. அவர் அனுமதியில்லாமல் கொடுக்கக் கூடாது. எங்கள் தலைவரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற எல்லாரையும் போல நல்ல மனிதர்.

“நமக்கு எதுக்கு இது? நாம படம் எடுத்துக் குடுக்குற இடம்.”

“அந்தப் பொண்ணு மேல போடுறாரு சார்.”

“அது அவங்க காலேஜ் விவகாரம்.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “வர்ற வருஷம் கருவிப் பராமரிப்புக்கு நிதி கேக்கணும். கமிட்டில யாரு இருக்கா தெரியுமா?”

தெரியும். பேராசிரியர்தான். அதனால்தான் தூக்கம் வரவில்லை. ஒரு வாரம் யோசித்தேன் என்று சொல்வது மரியாதை. பயந்தேன் என்பதுதான் உண்மை. என் மகனுக்குக் கல்லூரி இன்னும் முடியவில்லை. கடைசியில் எனக்குச் சொந்தமானது எது என்று தேடினேன். கருவி இயக்குபவர் கையால் எழுதும் தினசரிப் பதிவேடு ஒன்று உண்டு. எந்த நாள், எந்த மாதிரி, எத்தனை படம், என்ன கோளாறு எல்லாம் அதில் என் கையெழுத்தில் இருக்கும். அதைக் காட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. மூன்று நாட்களின் பக்கங்களை நகலெடுத்தேன். முதல் நாள் பக்கத்தில், “பயன்படுத்தாத மாதிரி, பதினேழாவது படத்தில் அதிர்வு” என்று எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில், “பயன்படுத்திய மாதிரி, கோபால்ட் காணவில்லை”. ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

வடபழனி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜூஸ் கடையில்தான் கொடுத்தேன். அவள் மகளையும் கூட்டி வந்திருந்தாள். பக்கங்களைப் படித்துப் பார்த்துவிட்டு, “உனுக்குப் பிரச்ன வருமாக்கா?” என்று கேட்டாள்.

“வரும்.”

“சரி” என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்வாள், நான் பரவாயில்லை என்று சொல்லலாம் என்று கொஞ்சம் எதிர்பார்த்திருந்தேன். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

அவளே பத்திரிகைக்கு எழுதினாள். கட்டுரையில் வந்த தழும்புப் படம், பதிவேட்டுப் பக்கங்கள், வடிகட்டிய தண்ணீரில் செய்த சோதனை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினாள். பல மாதங்கள் பதில் இல்லை. பிறகு ஒருநாள் கட்டுரைக்குக் கீழே ஒரு திருத்தம் வந்தது. படம் கவனக்குறைவால் இடம் மாறிவிட்டதாம். ஆசிரியர்கள் வருந்துகிறார்களாம். முடிவுகளுக்கு இதனால் பாதிப்பில்லையாம். அதோடு வேறோர் ஊரின் கருவியில் எடுத்த ஒரு புதிய படம். அதில் ஒரு மூலையில் நிறையப் புள்ளிகள். அங்கேயும் என்னைப் போல யாரோ ஒருத்தி இடப்பக்கம், மேற்பக்கம் என்று நகர்த்தியிருக்கிறாள். இத்தனைக்கும் சேர்த்துப் பேராசிரியருக்குக் கிடைத்த தண்டனை ‘வருந்துகிறோம்’ என்ற ஒரு சொல். அதையும் அவர் எழுதியிருக்க மாட்டார், யாரையாவது எழுதச் சொல்லியிருப்பார்.

பேராசிரியர் பிறகு எங்கள் கூடத்துக்கு வரவில்லை. வேறொரு கமிட்டிக்குத் தலைவராகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கம்பெனி பொடியை விட்டுவிட்டுப் புற ஊதா விளக்குக்குப் போய்விட்டது. நேர்மையால் இல்லை, விளக்கு மலிவு என்பதால். என் ஆண்டு மதிப்பீட்டில் “பயனாளர்களோடு ஒத்துழைப்பு போதாது” என்று தலைவர் எழுதினார். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நான் பார்த்ததிலேயே சரியான மதிப்பீடு அதுதான்.

அவள் வழிகாட்டியை மாற்றிக்கொண்டாள். அதற்கே ஒன்றரை வருடம் போயிற்று. புதிய வழிகாட்டி சத்தம் போடாத ஓர் அம்மாள். ஆய்வேட்டில் கோபால்ட் எங்கே போகிறது, எப்போது கழன்றுகொள்கிறது, ஆற்றுத் தண்ணீரில் ஏன் எதுவும் வேலை செய்வதில்லை என்று முழுக்க எழுதினாள். வாய்மொழித் தேர்வில் ஒருவர், “அப்போ இது ஃபெயிலியர்தானே?” என்று கேட்டாராம். “ஆமா சார், ஆனா ஏன் ஃபெயிலுன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்” என்றாளாம். பட்டம் கொடுத்துவிட்டார்கள். இப்போது பெருங்குடியில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்தில் வேலை. குப்பைமேட்டுப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்க்கிறாள். நீலமாக எதுவும் வருவதில்லை என்று போனில் சொல்லிச் சிரிப்பாள்.

போன வாரம் ஓர் இளம் பேராசிரியர் வந்தார். ஒற்றை அணுவெல்லாம் பழசாகிவிட்டது மேடம், இப்போது இரட்டை அணு என்றார். இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்து ஊன்றுகிறார்களாம், இன்னும் பலமாக வேலை செய்யுமாம். பொடியை வட்டில் தூவிக் கருவிக்குள் விட்டேன். சில இடங்களில் ஜோடி இருந்தது, சில இடங்களில் தனியாக இருந்தது, நிறைய இடங்களில் கும்பலாக இருந்தது.

“மேடம், கொஞ்சம் லெஃப்ட்ல...”

“பத்து இடம் எடுப்பேன் சார். எந்த இடம்னு நான்தான் முடிவு பண்ணுவேன். பத்தையும் தருவேன். பதிவேட்டுலயும் எழுதிடுவேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். மற்ற இடங்களில் இப்படிச் செய்வதில்லையே என்றார். அங்கேயே போகலாமே என்றேன். போகவில்லை, உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஏழாவது இடம் வந்தபோது தன் பொடியைத் தானே முதல்முறை பார்ப்பதுபோல முன்னால் சாய்ந்து, “இது ஏன் இப்படி ஆகுது?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.